குதிரை கூட பழகினா பிள்ளைங்களுக்கு கோவத்த கையாள வருமா, குணம் வளருமா? விரிவாவே சொல்றேன்

கேட்டது சுருக்கமா இது தான்: பையனுக்கு 14 வயசு, சட்டுனு கோவம் வருது, கத்திட்டு அப்புறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசாம ரூமுக்குள்ளயே இருக்கான், குதிரை கூட பழக வெச்சு உணர்வுகள கையாள கத்துக்குடுக்குற பயிற்சி இருக்குனு யாரோ சொன்னாங்க, அது நிஜமாவே பலன் தருமா இல்ல குதிரை சவாரிக்கே வேற பேரு வெச்சு காசு வாங்குறாங்களானு.

பலன் இருக்குங்க. ஆனா எல்லா எடத்துலயும் இருக்காது, எங்க இருக்கும் எங்க இருக்காதுனு பிரிச்சு பாக்க தெரிஞ்சா தான் உங்க காசும் பையனோட நேரமும் வீணாகாம இருக்கும். பிள்ளைங்களையும் குதிரைங்களையும் சேத்து வெச்சு வேலை பாக்குறது தான் என் பொழப்பு, அதனால எனக்கு தெரிஞ்சத முழுசா சொல்றேன். மொதல்லயே ஒன்னு சொல்லிடறேன், என்னை பொறுத்தவரைக்கும் மொத்த விஷயமும் இதுல தான் இருக்கு: அந்த எடத்துல இருக்குற குதிரைக்கு "மாட்டேன்"னு காட்ட அனுமதி இருக்கா இல்லையா. அனுமதி இருந்தா உங்க பையன் அங்க ஏதாவது கத்துக்குவான். அடிச்சு மிரட்டி யாரு இழுத்தாலும் பின்னாடியே வர்ற மாதிரி பழக்கி வெச்ச குதிரைகிட்ட அவன் கத்துக்க ஒன்னுமே இல்ல, பலத்த காட்டினா எல்லாரும் பணிஞ்சு போவாங்கங்குற தப்பான பாடத்த தான் எடுத்துட்டு வீட்டுக்கு வருவான்.

ஏன் குதிரைனு முதல்ல பாப்போம். நாய், பூனை எல்லாம் வேட்டையாடுற இனம், குதிரை வேட்டையாடப்படுற இனம். கூட்டமா வாழ்ந்து, ஆபத்து வந்தா ஓடி தப்பிச்சே இத்தன லட்சம் வருஷம் தாக்குப்புடிச்ச மிருகம். அதுக்கு கண்ணு தலையோட ரெண்டு பக்கமும் இருக்கு, கிட்டத்தட்ட 350 டிகிரி சுத்தி பாக்கும், நேரா வாலுக்கு பின்னாடியும் மூக்குக்கு முன்னாடி கொஞ்ச எடமும் தான் தெரியாது. காது ரெண்டையும் தனித்தனியா திருப்பும். கூட்டத்துல ஒரு குதிரை தலைய தூக்கினா, உடம்பு விறைச்சா, மத்த எல்லாம் அந்த நிமிஷமே கவனிச்சாகணும், கவனிக்காதது புலிக்கோ ஓநாய்க்கோ இரையாகியிருக்கும். அதனால பக்கத்துல நிக்குறவங்க உடம்பு என்ன சொல்லுதுனு படிக்குறது அதுக்கு உயிர் பிரச்சனை. நம்ம பிள்ளைங்க பக்கத்துல நிக்கும்போதும் அதே வேலைய தான் பண்ணுது.

இது எவ்வளவு நுணுக்கமா நடக்கும்னு காட்ட ஒரு பழைய கதை இருக்கு. 1900கள்ல ஜெர்மனில, பெர்லின்ல ஹான்ஸ்னு ஒரு குதிரை கணக்கு போடுதுனு ஒரே பேச்சு. அதோட சொந்தக்காரர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் கேள்வி கேப்பாரு, குதிரை காலால தட்டி சரியான விடை சொல்லும். ஏமாத்து வேலையா இருக்கும்னு குழு போட்டு பாத்தாங்க, ஏமாத்து எதுவும் இல்ல. அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்ங்குற ஆராய்ச்சியாளர் பொறுமையா சோதிச்சு 1907ல காரணத்த கண்டுபுடிச்சாரு. சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவங்க தலை தெரியாத்தனமா கொஞ்சூண்டு அசையுது, உடம்பு இறுக்கம் தளருது, குதிரை அத பாத்து தட்டுறத நிறுத்திடுது. கேட்டவங்களுக்கே தெரியாத அசைவு அது. கேட்டவங்களுக்கு விடை தெரியலன்னா குதிரைக்கும் தெரியல. பலபேர் இத குதிரைக்கு கணக்கு தெரியாதுங்குற கதையா மட்டும் சொல்வாங்க, எனக்கு எப்பவுமே அதுல இருக்குற இன்னொரு பாதி தான் பெருசா படும், ஒரு மனுஷன் தன் உடம்புல இருக்குனே தெரியாத ஒன்ன ஒரு குதிரை பாத்துச்சுல்ல, அது.

அதுக்கப்புறம் ஆராய்ச்சி நெறைய வந்துடுச்சு. இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல 2016ல 28 குதிரைகளுக்கு முன்னபின்ன தெரியாத ஆளோட கோவமான முகம், சிரிச்ச முகம் ரெண்டையும் பெரிய போட்டோவா காட்டினாங்க, கோவ முகத்த பாத்தப்போ இதயத்துடிப்பு சீக்கிரமா ஏறுச்சு, எடது கண்ணால பாக்குறது அதிகமாச்சு, மிரட்டுற விஷயத்த குதிரைங்க பெரும்பாலும் அப்படி தான் பாக்கும். 2018ல அதே துறைக்காரங்க பண்ண இன்னொரு சோதனைல, யாரோட கோவ போட்டோவ பாத்துச்சோ அந்த ஆளு சில மணி நேரம் கழிச்சு சாதாரண முகத்தோட நேர்ல வந்து நின்னா கூட குதிரை எச்சரிக்கையா இருந்துச்சு. ஸ்வீடன்ல 2009ல வெளிவந்த ஒரு ஆய்வு இன்னும் எனக்கு புடிக்கும். குதிரைய ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்கு சில தடவை கூட்டிட்டு போகணும், கடைசி தடவை போறப்போ பக்கத்துல ஒருத்தர் குடைய படார்னு விரிப்பாருனு ஆளுங்ககிட்ட சொல்லி வெச்சாங்க. குடைய யாரும் விரிக்கவே இல்ல. ஆனா விரிப்பாங்கனு நெனச்ச மனுஷனுக்கும் இதயத்துடிப்பு ஏறுச்சு, ஒன்னுமே தெரியாத குதிரைக்கும் ஏறுச்சு.

சரி, இது பிள்ளைங்களுக்கு எப்படி பாடமாகுதுனு கேட்டா, ஒரு காட்சிய சொல்றேன். ஒரு பொண்ணு, பதிமூணு வயசு இருக்கும். குதிரைக்கு ஹால்டர், அதாவது தலைல மாட்டுற பட்டைய போட்டு, அதோட கயிற கையில குடுத்து, அந்த வேலி வரைக்கும் நடத்தி கூட்டிட்டு போம்மானு மட்டும் சொன்னோம். அவ குதிரைக்கு நேர் எதிர்ல நின்னு, மூஞ்சிய பாத்துகிட்டே கயிற இழுத்தா. குதிரை கழுத்த நீட்டிட்டு நாலு காலையும் ஊணிட்டு நின்னுச்சு. அவ "வா, வா"னு சிரிச்சுகிட்டே தான் கூப்பிட்டா, ஆனா தோள்பட்டை ரெண்டும் காது வரைக்கும் ஏறியிருந்துச்சு, மூச்சு விடவே இல்ல. 450 கிலோ குதிரைய இழுத்து நகத்த முடியாது, அது அவளுக்கும் புரிஞ்சு கண்ணு கலங்க ஆரம்பிச்சுது. யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கல, கயிறு கையில எப்படிம்மா இருக்குனு மட்டும் கேட்டேன். இறுக்கமா இருக்குன்னா. நீ எப்படி இருக்கனு கேட்டேன், அதுக்கு பதிலே வரல, கொஞ்ச நேரம் கழிச்சு பெருசா ஒரு மூச்சு விட்டா. கயிறு தானா தொய்ஞ்சுது. குதிரை தலைய ஒரு சாண் எறக்குச்சு, ஒரு காது அவ பக்கம் திரும்புச்சு. அப்புறம் அவளா நகந்து குதிரையோட தோள் பக்கத்துல போய் நின்னு, வேலிய பாத்து நடக்க ஆரம்பிச்சா, குதிரை கூடவே வந்துச்சு. பாதி தூரம் போனதும் வருதா இல்லையானு சந்தேகப்பட்டு திரும்பி பாத்தா பாருங்க, அது அங்கயே நின்னுடுச்சு.

இந்த மொத்தமும் சில நிமிஷம் தான். ஆனா அதுக்குள்ள அவளுக்கு தெரிஞ்சது, நான் பயந்தா என் உடம்பு எப்படி இறுகுது, இறுகினா எதிர்ல இருக்கறவங்களுக்கு என்ன ஆகுது, மூச்சு விட்டா என்ன மாறுது, இதெல்லாம். ஒரு பெரியவங்க "நீ டென்ஷனா இருக்க"னு சொன்னா அந்த வயசுல யாரும் ஒத்துக்க மாட்டாங்க, எனக்கு ஒன்னும் இல்லனு தான் பதில் வரும். குதிரை அவள திட்டல, மார்க் போடல, அவ யார் வீட்டு பொண்ணு, படிப்புல எப்படி எதுவும் அதுக்கு தெரியாது. இறுக்கமா இருந்தா நின்னுச்சு, தளந்தா வந்துச்சு, அவ்வளவு தான். சலோவே, மேயர்ங்குற ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1990ல உணர்வு நுண்ணறிவுனு எழுதினப்போ சொன்னது, தன்னோட உணர்வையும் அடுத்தவங்க உணர்வையும் கவனிச்சு, பிரிச்சு பாத்து, அந்த தகவல வெச்சு நடந்துக்குறது. அதுல முதல் படியே தன் உடம்புல என்ன நடக்குதுனு தெரியறது தான், அங்கயே தான் பாதி பிள்ளைங்க மாட்டிக்குறாங்க.

கோவக்கார பசங்களுக்கு நான் நெறைய குடுக்குற வேலை குளம்பு சுத்தம் பண்றது. குதிரையோட தோள் பக்கத்துல, வால பாத்த மாதிரி திரும்பி நிக்கணும், கைய தோள்லருந்து மெதுவா கீழ வரைக்கும் காலோட தடவிகிட்டே போகணும், அது எடைய மத்த மூணு கால்ல மாத்திகிட்டு காலை தூக்கி குடுக்கும். குடுத்தப்புறம் கொக்கிய வெச்சு குதிகால்லருந்து நுனிய பாத்து மண்ணையும் கல்லையும் எடுக்கணும், நடுவுல மெத்துனு இருக்குற முக்கோணத்துல குத்திடாம. அவசரப்பட்டு காலை புடுங்கினா குதிரை தன் எடைய அந்த பையன் மேலயே சாய்க்கும், இல்ல காலை இழுத்துக்கும். இங்க முக்கியம் என்னன்னா, அது லேசா காலை தளத்துன அந்த நொடியே அழுத்தத்த விடணும். கேக்கணும், காத்திருக்கணும், குடுத்ததும் உடனே விடணும். கோவக்கார பசங்களுக்கு கேக்க தெரியும், காத்திருக்க வராது, கிடைச்சப்புறமும் விட வராது, கத்திகிட்டே இருப்பாங்க. குதிரைகிட்ட அது எடுபடாது. நாலு வாரத்துல கை பழகுறத பாக்கலாம், கை பழகினப்புறம் தான் வாய் பழகும்.

இந்த எடத்துல ஒன்ன கண்டிப்பா எச்சரிக்கணும். இந்த துறையில "குதிரை உங்க மனசோட கண்ணாடி"னு அடிக்கடி சொல்வாங்க. கேக்க நல்லா இருக்கும், பாதி தான் உண்மை. குதிரை திரும்பி நின்னுச்சுன்னா அதுக்கு காதுல ஈ மொய்ச்சிருக்கலாம், முதுகு வலிக்கலாம், அதோட கூட்டாளி குதிரைய வேற பக்கம் கூட்டிட்டு போயிருக்கலாம், பசிச்சிருக்கலாம். அத புடிச்சுகிட்டு உன் அப்பாவோட உனக்கு இருக்குற பிரச்சனைய குதிரை காட்டுதுனு ஒரு பயிற்சியாளர் 14 வயசு பையன்கிட்ட சொன்னாருன்னா, அந்த எடத்துலருந்து பையன கூட்டிட்டு வந்துடுங்க. அது பிள்ளைய குழப்புற வேலை. நல்ல பயிற்சியாளர் கேக்குறது "குதிரை என்ன பண்ணுச்சு, நீ என்ன பாத்த, வேற என்ன காரணம் இருக்கலாம்"னு தான். காது பின்னாடி ஒட்டி படுத்திருக்கா, வால் வெடுக்கு வெடுக்குனு அடிக்குதா, கண்ணோட வெள்ளை தெரியுதா, மூக்கு துவாரம் இறுகியிருக்கா, உதடு தளந்து தொங்குதா. 2015ல குதிரை முகத்துல 17 தனித்தனி அசைவு இருக்குனு வரிசப்படுத்தியே இருக்காங்க. இத பாக்க பழகுற பையனுக்கு எதிர்ல இருக்கற உயிருக்குனு ஒரு மனசு இருக்கு, அதோட இன்னைய நாள் வேற, என் நாள் வேற, எல்லாமே என்ன பத்தினது இல்லனு படும். ஃப்ரெண்டு ஹலோ சொல்லாம போனா உடனே என்ன வெறுக்குறான்னு முடிவு பண்ற வயசு அது, அந்த வயசுல இத விட தேவையான ஒன்னு என்ன இருக்குனு எனக்கு தெரியல.

குணம்னு கேட்டீங்க, அது இன்னும் மெதுவா வரும். வாரா வாரம் போகணும், போனதும் லத்தி அள்ளணும், தண்ணி தொட்டிய தேச்சு கழுவி நிரப்பணும், குதிரைக்கு ஒரு நாளைக்கு சாதாரணமாவே 25லருந்து 50 லிட்டர் தண்ணி வேணும், அத நிரப்புற கைக்கு தான் அதோட கனம் தெரியும். மழைன்னாலும் லீவுன்னாலும் அது சாப்பிடணும். எனக்கு இன்னைக்கு மூடு இல்லங்குறது அங்க செல்லாது. சில எடத்துல பிள்ளை வர்றதுக்குள்ள ஆள் வெச்சு எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, சேணம் போட்டு, ரெடியா நிறுத்தி வெச்சுடறாங்க, பிள்ளை ஏறி ரெண்டு சுத்து சுத்திட்டு எறங்கி போகுது. சவாரி கத்துக்க அது போதும். நீங்க தேடுறது அது இல்ல.

அப்புறம் கெட்டுப்போன நம்பிக்கைய திரும்ப கட்டுறது. ஒரு வாரம் ஒரு பையன் கோவத்துல குதிரைகிட்ட கத்தி, கயிற வெடுக்குனு இழுத்துட்டான்னு வைங்க. அடுத்த வாரம் அவன் மைதானத்துக்குள்ள வரும்போதே அது நகந்து போயிடும். சாரினு சொன்னா அதுக்கு புரியாது, கேரட் குடுத்தா கேரட்ட தின்னுட்டு திரும்பவும் நகந்துடும். அவன் அங்க சும்மா உக்காரணும், கிட்ட போகாம, கூப்பிடாம, அமைதியா வேலைய பாத்துகிட்டு, அது தானா பக்கத்துல வர்ற வரைக்கும். சில சமயம் அன்னைக்கு அது வரவே வராது, அடுத்த தடவ தான் வரும். வீட்ல நாம பிள்ளைங்கள சாரி சொல்ல வெச்சு அதோட முடிச்சுடறோம், எனக்கு அது பல தடவ வருத்தமா இருக்கும், ஏன்னா நடத்தையால சரி பண்றதுனு ஒன்னு இருக்குனு அந்த பிள்ளைக்கு யாருமே காட்டலையேனு. குதிரை வேற வழியே குடுக்காது. மாட்டேன்னு காட்ட அனுமதி இருக்கணும்னு முதல்ல சொன்னது இதுக்காகவும் தான், நகந்து போக எடம் இல்லாம கட்டிப் போட்டிருந்தா பையனுக்கு தான் என்ன பண்ணோம்னே தெரிஞ்சிருக்காது.

ஆனா குதிரை பக்கத்துல நிறுத்திட்டா எல்லாம் தானா நடந்துடும்னு நெனைக்காதீங்க. நடந்தத பேசுறதுக்கு ஒரு பெரியவங்க வேணும், அதுவும் கம்மியா பேசுறவங்களா இருக்கணும். அங்க என்ன ஆச்சு, உடம்புல எங்க தெரிஞ்சுது, இதே மாதிரி வீட்லயோ ஸ்கூல்லயோ எப்ப ஆகும், இந்த மூணு கேள்வி போதும். இத கேக்க ஆள் இல்லன்னா மைதானத்துல கத்துக்கிட்டது மைதானத்தோட போயிடும், குதிரைகிட்ட பூ மாதிரி இருக்குற பையன் வீட்டுக்கு வந்து தங்கச்சிகிட்ட கத்துவான்.

ஆதாரம் எவ்வளவு உறுதினு கேட்டா, நம்பிக்கை தர்ற அளவுக்கு இருக்கு. அமெரிக்கால வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பெண்ட்ரியும் அவங்க குழுவும் 5லருந்து 8ஆம் வகுப்பு வரைக்கும் படிக்குற பிள்ளைங்கள குலுக்கல்ல ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு 11 வாரம் குதிரை பயிற்சி குடுத்து, எச்சில்ல கார்டிசோல்ங்குற மன அழுத்த ஹார்மோன அளந்தாங்க. 2014ல வெளியான முடிவுல பயிற்சி எடுத்த பிள்ளைங்களுக்கு அந்த அளவு, பயிற்சிக்கு இன்னும் காத்திருந்த இன்னொரு குழுவ விட கம்மியா இருந்துச்சு, பழகும் திறனும் கூடியிருந்ததா சொன்னாங்க. ஒழுங்கா பண்ண ஆய்வு. ஆனா இந்த துறையில பெரும்பாலான ஆய்வுங்க சின்னது, கொஞ்ச வாரம் தான் பாக்குறாங்க. அதனால கோவம் குணமாகிடும்னு கேரண்டி குடுக்குறவங்கள நம்பாதீங்க.

இன்னொரு குழப்பமும் இருக்கு. உடல் ஊனத்துக்கு சிகிச்சையா பண்ற சவாரி வேற. டென்மார்க்க சேந்த லிஸ் ஹார்டெல் 1944ல போலியோ வந்து முழங்காலுக்கு கீழ செயலிழந்த பிறகும் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ்ல குதிரைய நுணுக்கமா நடத்திக் காட்டுற டிரஸாஜ் போட்டில வெள்ளி வாங்கினாங்க, அதுக்கு பிறகு தான் சிகிச்சை சவாரி உலகம் முழுக்க பரவுச்சு. மனநல சிகிச்சையா குதிரையோட பண்றது இன்னொன்னு, 1999ல ஆரம்பிச்ச ஈகாலா அமைப்போட முறையில மனநல நிபுணர் ஒருத்தரும் குதிரை நிபுணர் ஒருத்தரும் சேந்தே இருக்கணும், குதிரை மேல ஏறவே மாட்டாங்க, எல்லாம் தரையில தான். நான் இவ்வளவு நேரம் பேசினது மூணாவது வகை, கல்வி மாதிரியான பயிற்சி. உங்க பையன் தன்ன தானே காயப்படுத்திக்குறான், மிருகங்கள துன்புறுத்துறான், பெரிய அதிர்ச்சி எதையாவது பாத்திருக்கான்னா, இந்த மூணாவது வகை போதாது, முதல்ல மனநல மருத்துவர பாருங்க, அவங்க சொன்னா குதிரை பக்கம் வாங்க. ரெண்டு நாள் பேசாம ரூமுக்குள்ள இருக்குறது அடிக்கடி நடக்குதுன்னா, சாப்பாடு தூக்கமும் கெடுதுன்னா, அப்பவும் டாக்டர்கிட்ட ஒரு தடவ பேசிடறது நல்லது.

எடம் பாக்க போறப்போ பையன விட்டுட்டு நீங்க மட்டும் ஒரு தடவ போங்க. குதிரைங்கள பாருங்க முதல்ல. மத்த குதிரைங்களோட வெளில மேய விடுறாங்களா, இல்ல நாள் முழுக்க தனித்தனியா அடைச்சு வெச்சிருக்காங்களா, விலா எலும்பு தெரியுதா, சேணம் ஒரசுன புண்ணு இருக்கா, ஆள் வந்தா நிமிந்து ஆர்வமா பாக்குதா இல்ல எதையும் கண்டுக்காம கண்ணு செத்து நிக்குதா. அந்த கடைசில சொன்னத பலபேர் சாதுவான குதிரைனு நெனச்சுப்பாங்க, அது பல நேரம் எதுத்து பிரயோஜனம் இல்லனு மனசு விட்டுப்போன குதிரை. ஒரு குதிரை ஒரு நாள்ல எத்தன பிள்ளைங்களோட வேலை செய்யுதுனு கேளுங்க, குதிரைக்கு விருப்பமில்லன்னா என்ன பண்ணுவீங்கனு கேளுங்க. "இன்னைக்கு வேற குதிரை, இல்ல வேற வேலை"னு பதில் வந்தா நல்ல எடம். ஹெல்மெட், மூடின ஷூ ரெண்டும் இல்லாம உள்ள விடாத எடமா இருக்கணும், கயிற கையில சுத்திக்காத, பின்பக்கமா சத்தமில்லாம போகாதனு முதல் நாளே சொல்லிக் குடுக்கணும். ரெண்டு மூணு மாசமாவது தொடர்ந்து நடக்கணும். ஒரு நாள் முகாம்னா பையன் சந்தோஷமா திரும்புவான், மாத்தம் எதிர்பாக்காதீங்க.

பெத்தவங்களுக்கும் ஒன்னு. வேலிக்கு வெளில நின்னுகிட்டு "கயிற ஒழுங்கா புடி, பயப்படாத, தைரியமா போ"னு குரல் குடுக்காதீங்க. நீங்க குரல் குடுத்ததும் பையன் தோள் ஏறும், குதிரை தலைய தூக்கும், நான் இத எத்தனையோ தடவ பாத்துட்டேன். முடிஞ்சா கண்ணுக்கு தெரியாத எடத்துல உக்காந்துக்கோங்க. வீட்டுக்கு வர்ற வழியில என்ன கத்துக்கிட்டனு கேக்காம குதிரை இன்னைக்கு எப்படி இருந்துச்சுனு கேளுங்க. தன்ன பத்தி பேச வாய் வராத பையன் குதிரைய பத்தி பேசுவான், அது இன்னைக்கு கடுப்புல இருந்துச்சு, யாரையும் கிட்ட விடலனு. நீங்க குறுக்க எதுவும் சொல்லாம கேட்டுட்டு, அப்புறம் என்ன பண்ணுச்சு, நீ என்ன பண்ணனு மட்டும் கேளுங்க. அவனுக்கு குதிரை புடிக்கவே இல்ல, நாலஞ்சு வாரம் ஆகியும் பயமோ வெறுப்போ குறையலன்னா கட்டாயப்படுத்தாம நிறுத்திடுங்க. மாட்டேன்னு சொல்ற உரிமை குதிரைக்கு குடுத்தா பையனுக்கும் குடுக்கணும்ல.